கதவு வரை நடந்துபோன 22 வயசு பியானிஸ்ட்! - ஹெர்பி ஹான்காக்கின் முதல் ஆல்பம் சொல்லித்தரும் பாடம்

ஒரு சூழ்நிலையைச் சொல்றேன், கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க.

உங்களுக்கு வயசு 22. பியானோ வாசிக்கிறீங்க. சொந்த ஊரை விட்டு நியூயார்க் வந்து ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் மேல ஆகுது. கையில் பெரிசா காசு கிடையாது. அப்போ, உங்க துறையில் எல்லாரும் மதிக்கிற ஒரு ரெக்கார்டு கம்பெனி உங்க பெயரிலேயே ஓர் ஆல்பம் போட ஒப்புக்கொள்கிறது. ஆனால், ஒரு கண்டிஷன். நீங்க எழுதின ட்யூன்களோட பப்ளிஷிங் உரிமை கம்பெனிக்குப் போயிடணும். முடியாதுன்னா ஆல்பமும் கிடையாது.

நீங்க என்ன செய்வீங்க?

நம்மில் பெரும்பாலானவங்க கையெழுத்துப் போட்டிருப்போம். 'முதல்ல ஆல்பம் வரட்டும், உரிமையெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம்' என்றுதான் மனசு சொல்லும். 1962-ல் இதே இடத்தில் நின்ற ஹெர்பி ஹான்காக், முடியாது என்று சொல்லிவிட்டு எழுந்து கதவை நோக்கி நடந்தார்.

இன்று அவர் உலகமே கொண்டாடும் ஜாஸ் பியானிஸ்ட். 14 கிராமி விருதுகள், ஓர் ஆஸ்கர் என்று பட்டியல் நீளம். ஆனால், இந்தக் கட்டுரை விருதுகளைப் பற்றியது அல்ல. அந்தக் கதவு வரைக்கும் அவர் நடந்த சில அடிகளைப் பற்றியது. அவருடைய முதல் ஆல்பமான 'டேக்கின் ஆஃப்' எப்படி உருவானது, அதில் இருந்த ஒரு ட்யூன் எப்படி அவர் வாழ்க்கையை மாற்றியது என்று பார்க்கலாம் வாங்க.

முதல்ல ஒரு சின்ன விளக்கம்... பேண்ட் லீடர் என்றால் யார்?

ஜாஸ் உலகத்தில் வாசிப்பவர்கள் இரண்டு வகை. ஒருவர் லீடர். ஆல்பம் அவர் பெயரில் வரும். என்ன ட்யூன் வாசிப்பது, யார் யாரைக் கூப்பிடுவது, எந்த வேகத்தில் போவது என எல்லாம் அவர் முடிவு. இன்னொருவர் சைட்மேன். லீடர் கூப்பிட்டால் வந்து வாசித்துவிட்டு, அன்றைய சம்பளத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார். அட்டையில் அவர் பெயர் சின்ன எழுத்தில் இருக்கும்.

சைட்மேன் என்பது மட்டமான வேலை ஒன்றும் இல்லை. பெரிய மேதைகள்கூட வாழ்நாள் முழுக்க மற்றவர்களுக்கு வாசித்திருக்கிறார்கள். ஆனால், 'இவன் யார், இவன் மனசுக்குள்ள என்ன இசை ஓடுது' என்று உலகத்துக்குத் தெரிவது லீடராக ஆல்பம் போடும்போதுதான். அதனால்தான் ஒரு ஜாஸ் கலைஞரின் முதல் லீடர் ஆல்பத்தை ரசிகர்கள் அவ்வளவு கவனமாகக் கேட்கிறார்கள்.

11 வயசில் மொஸார்ட்!

ஹெர்பி பிறந்தது 1940 ஏப்ரல் 12, சிகாகோவில். பெரிய பணக்காரக் குடும்பம் எல்லாம் இல்லை. அப்பா அரசாங்கத்தின் இறைச்சிப் பரிசோதகர், அம்மா செக்ரெட்டரி வேலை பார்த்தவர். 7 வயசில் பியானோ கற்க ஆரம்பித்த பையன், 11 வயசில் சிகாகோ சிம்பொனி இசைக்குழுவுடன் மேடை ஏறி மொஸார்ட்டின் பியானோ கான்செர்ட்டோவை வாசித்தான். 1952-ல் ஒரு கறுப்பினச் சிறுவனுக்கு அப்படி ஒரு மேடை கிடைத்தது சாதாரண விஷயம் இல்லை.

அப்புறம் எப்படி ஜாஸ் பக்கம் வந்தார்? பள்ளிக்கூட விழா ஒன்றில், தன் வயசுப் பையன் ஒருவன் ஜாஸ் பியானோ வாசித்ததைப் பார்த்தார். முன்னால் நோட்டுப் புத்தகம் எதுவும் இல்லை. அந்தப் பையன் அந்த நிமிஷமே உருவாக்கி வாசித்துக்கொண்டிருந்தான். ஹெர்பிக்கு தூக்கிவாரிப்போட்டது. தனக்குத் தெரிந்த அதே பியானோவில் தனக்குத் தெரியாத ஒரு விஷயம் நடக்கிறது! உடனே அவனிடமே போய் 'இதை எப்படிக் கத்துக்கிறது?' என்று விசாரித்தார். ஜார்ஜ் ஷியரிங் ரெக்கார்டுகளைக் கேட்கச் சொன்னான் அவன்.

வீட்டுக்கு ஓடிவந்து அம்மாவிடம் ஷியரிங் ரெக்கார்டு வாங்கித் தரும்படி கேட்டார் ஹெர்பி. அது ஏற்கெனவே வீட்டில் இருக்கிறது என்றார் அம்மா. முன்பு ஒருமுறை அவர் ஆசையாக வாங்கிவந்து கொடுத்தபோது, 'நான் கேட்டது இது இல்லையே' என்று பையன்தான் ஓரமாகத் தூக்கிப்போட்டிருந்தான்!

அதன்பிறகு அந்த ரெக்கார்டுகளைத் திரும்பத் திரும்பப் போட்டு, ஒவ்வொரு சொற்றொடராகக் காதால் பிடித்து, நோட்டில் எழுதி, அது ஏன் அப்படி இருக்கிறது என்று பிரித்து மேய்ந்தார். மெஷினைக் கழற்றிப் பார்க்கும் புத்தி அவருக்கு இயல்பாகவே இருந்தது. அதனால்தானோ என்னவோ, அயோவா மாநிலத்தின் கிரின்னெல் கல்லூரியில் அவர் சேர்ந்தது எலெக்ட்ரிக்கல் இன்ஜினீயரிங்! இரண்டு வருஷம் படித்த பிறகுதான், 'என் மனசு இங்க இல்ல' என்று புரிந்து இசைக்கு மாறினார்.

பனிப்புயல் கொடுத்த சான்ஸ்

கல்லூரி முடிந்து சிகாகோ திரும்பியவர், கொஞ்ச காலம் பகலில் தபால் பட்டுவாடா, ராத்திரி கிளப்பில் பியானோ என்று ஓட்டினார். உடம்பு தாங்கவில்லை. தபால் வேலையை விட்டுவிட்டு பியானோவை மட்டும் பிடித்துக்கொண்டார்.

1960-ம் வருஷக் குளிர்காலம். ட்ரம்பெட் கலைஞர் டொனால்ட் பேர்ட் தன் குழுவுடன் அந்தப் பக்கம் வந்திருந்தார். கடுமையான பனிப்புயல். அவருடைய பியானிஸ்ட் வந்துசேர முடியவில்லை. மில்வாக்கி நகரில் கச்சேரி இருக்கிறது, ஆள் வேண்டும். யாரோ ஹெர்பியின் பெயரைச் சொன்னார்கள். ஒரு வார இறுதிக்கு மட்டும் என்று கூப்பிட்டார்கள். வாசித்து முடித்ததும், 'எங்களோடவே நியூயார்க் வந்துடு' என்று அழைப்பு வந்தது.

1961 ஜனவரியில் நியூயார்க். பிராங்ஸ் பகுதியில் இருந்த தன் அபார்ட்மென்ட்டிலேயே ஹெர்பியைத் தங்கவைத்துக்கொண்டார் பேர்ட். வயதில் ஏழு வருஷத்துக்கு மேல் மூத்தவர். கிட்டத்தட்ட ஓர் அண்ணன் மாதிரி. எந்த கார்டை எப்படி வாசிப்பது என்பது மட்டும் இல்லை, காசு விஷயத்தில் எப்படி நடந்துகொள்வது என்பதையும் சொல்லிக்கொடுத்தார். இந்தக் கதையில் அந்த இரண்டாவது பாடம்தான் முக்கியம்.

ஒரு பொய்யும் ஒரு ஃபார்முலாவும்

அந்தக் காலத்தில் ஜாஸ் என்றால் 'புளூ நோட்' கம்பெனிக்குத் தனி மரியாதை. பெர்லினில் இருந்து வந்த ஆல்ஃபிரெட் லயன் 1939-ல் ஆரம்பித்த நிறுவனம். ஆல்பம் பதிவுக்கு முன் ரிகர்சலுக்கும் சம்பளம் கொடுக்கும் வழக்கம் அங்கே இருந்தது. ஆனால், முகம் தெரியாத புதுப் பையனுக்கு லீடர் வாய்ப்பு கொடுக்க லயன் சுலபத்தில் ஒப்புக்கொள்ள மாட்டார். முதலில் சில வருஷம் மற்றவர்கள் ஆல்பத்தில் வாசித்துப் பெயர் எடுக்க வேண்டும்.

பேர்ட் ஒரு வழி சொல்லிக்கொடுத்தார். 'ராணுவத்தில் சேரச் சொல்லி ஆர்டர் வந்துவிட்டது, போவதற்கு முன்னால் ஓர் ஆல்பம் பண்ண ஆசை என்று சொல்லிவிடு' என்பதுதான் அது. சுத்தமான பொய்! கட்டாய ராணுவ சேவை இருந்த காலம் என்பதால் நம்பும்படியாகவும் இருந்தது.

இன்னொரு ஃபார்முலாவும் கொடுத்தார். ஆல்பத்தில் பாதி கம்பெனிக்கு, அதாவது மக்களுக்குத் தெரிந்த பழைய ட்யூன்கள், ஒரு ப்ளூஸ் என்று விற்கக்கூடிய சரக்கு. மீதிப் பாதி உனக்கு, உன் சொந்த ட்யூன்கள். முதல் பாதி வாடகை கட்டும், இரண்டாம் பாதி நீ யார் என்று சொல்லும்.

ஹெர்பி இங்கேதான் ஒரு விஷயம் யோசித்தார். விற்கிற ட்யூனையும் நானே எழுதினால் என்ன? ஆனால், விற்க வேண்டும் என்பதற்காகப் போலியாக எழுதக் கூடாது. எனக்கு நிஜமாகத் தெரிந்த வாழ்க்கையில் இருந்து வர வேண்டும்.

அப்படி யோசித்தபோது அவர் காதில் விழுந்தது ஒரு தள்ளாடும் குதிரை வண்டிச் சத்தம்.

தர்பூசணிக்காரர் வர்றார்!

ஹெர்பியின் சின்ன வயசு சிகாகோவில், வீடுகளுக்குப் பின்னால் இருந்த சந்துகளில் தர்பூசணி வண்டி வரும். கல் பாவிய தரை. அதன்மேல் சக்கரம் உருளும்போது 'கடக் கடக்' என்று ஒரு தாளம் கேட்கும். மாடியில் இருந்து பெண்கள் தலையை நீட்டி, 'ஏய்ய்ய்...' என்று இழுத்துத் தர்பூசணிக்காரரைக் கூப்பிடுவார்கள்.

அவ்வளவுதான் ட்யூன். சக்கரத்தின் தாளத்தை பியானோவின் அடிப்படைப் பாட்டர்ன் ஆக்கினார். பெண்கள் கூப்பிடும் இழுவையை மெலடி ஆக்கினார். 'வாட்டர்மெலன் மேன்' பிறந்தது.

ஆனால், தலைப்பை வைப்பதற்கு முன்னால் ரொம்பவே தயங்கினார். காரணம் இருக்கிறது. அமெரிக்காவில் அடிமை முறை ஒழிந்த பிறகு, விடுதலை பெற்ற கறுப்பின மக்கள் பலர் தர்பூசணி பயிரிட்டு, விற்றுப் பிழைத்தார்கள். அதைப் பொறுக்காத வெள்ளையர்கள் அந்தப் பழத்தையே கேலிப்பொருள் ஆக்கினார்கள். பல் இளித்துக்கொண்டு தர்பூசணி தின்னும் கறுப்பர் என்ற கேவலமான கார்ட்டூன்கள் பல தலைமுறைகளாக வந்தன. 1962, சிவில் உரிமைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம். அப்போது ஒரு கறுப்பின இளைஞன் தன் முதல் ஆல்பத்தின் முதல் ட்யூனுக்கு இந்தப் பெயரை வைப்பதா?

யோசித்துப் பார்த்தார். அந்த வண்டிக்காரரும் சரி, அந்தச் சந்தும் சரி, வெட்கப்பட வேண்டிய விஷயமா என்ன? அது தன் வாழ்க்கை. அடுத்தவன் கேலி செய்தான் என்பதற்காக என் ஞாபகத்தை நான் ஏன் மறைக்க வேண்டும்? பெயர் அப்படியே இருக்கட்டும் என்று முடிவு செய்தார். கதவு நோக்கிய நடைக்கு முன்னால் அவர் எடுத்த முதல் துணிச்சலான முடிவு இது என்று சொல்லலாம்.

சரி, கதவு விஷயத்துக்கு வருவோம்

லயனைச் சந்தித்து தன் ட்யூன்களை வாசித்துக் காட்டினார் ஹெர்பி. மூன்று சொந்த ட்யூன்கள் கையில் இருந்தன. மீதிக்குப் பழைய ட்யூன்கள் போட்டுக்கொள்ளலாம் என்பது திட்டம். கேட்டவர்களுக்கோ ரொம்பப் பிடித்துவிட்டது. பழசு எதுவும் வேண்டாம், இன்னும் மூன்று எழுத முடியுமா என்று கேட்டார்கள். முதல் ஆல்பத்திலேயே ஆறு ட்யூன்களும் சொந்தச் சரக்கு. எவ்வளவு பெரிய விஷயம்!

அடுத்ததாக வந்ததுதான் அந்தக் கண்டிஷன். ட்யூன்களை எங்கள் பப்ளிஷிங் கம்பெனியில் சேர்த்துக்கொள்கிறோம் என்றார் லயன்.

இங்கே ஒரு நிமிஷம் நிற்போம். பப்ளிஷிங் உரிமை என்றால் என்ன?

ஒரு பாட்டு ரெக்கார்டாக வரும்போது அதில் இரண்டு சொத்துகள் இருக்கின்றன. ஒன்று, ஸ்டூடியோவில் பதிவான அந்த ஒலி. இதை மாஸ்டர் என்பார்கள். அந்தக் காலத்தில் பதிவுக்குச் செலவு செய்த கம்பெனிதான் அதற்கு முதலாளி. இன்னொன்று, பாட்டு என்ற அந்தப் படைப்பு. அதாவது மெலடி, அதன் அமைப்பு. இதை யார் வேண்டுமானாலும் மறுபடி வாசித்து வேறொரு ரெக்கார்டு போடலாம். ஆனால், ஒவ்வொரு முறையும் பாட்டின் சொந்தக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டும்.

அன்றைய அமெரிக்கச் சட்டப்படி, விற்கும் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு பாட்டுக்கு 2 சென்ட். வழக்கமாக இதில் பாதி எழுதியவருக்கு, பாதி பப்ளிஷருக்கு. ஒரு பேச்சுக்கு, உங்கள் பாட்டை வேறு யாரோ வாசித்து 10 லட்சம் பிரதிகள் விற்றால் மொத்தம் 20,000 டாலர். பப்ளிஷிங் உரிமையைக் கொடுத்துவிட்டிருந்தால் அதில் 10,000 டாலர் உங்களுக்கு வராது. ஒரு தடவை மட்டும் இல்லை, அந்தப் பாட்டு உயிரோடு இருக்கும் காலம் முழுக்க வராது. அதைவிட முக்கியம், அந்தப் பாட்டின் பயன்பாடு குறித்து முடிவெடுக்கிற இடத்தில் நீங்கள் இருக்க மாட்டீர்கள்.

அந்தக் காலத்தில் நிறைய இளம் கலைஞர்கள், குறிப்பாகக் கறுப்பினக் கலைஞர்கள், இதன் மதிப்பு தெரியாமலேயே கையெழுத்துப் போட்டார்கள். தெரிந்தவர்களும் வேறு வழி இல்லாமல் போட்டார்கள். பேர்ட் தன் தம்பிக்கு முன்கூட்டியே எச்சரித்திருந்தார். கேட்பார்கள், கொடுக்காதே. உனக்கென்று சொந்தமாக ஒரு பப்ளிஷிங் கம்பெனி தொடங்கிக்கொள்.

அதனால் ஹெர்பி, என் ட்யூன்களை ஏற்கெனவே என் சொந்த கம்பெனியில் சேர்த்துவிட்டேனே என்றார். இது இரண்டாவது பொய். அப்போது அப்படி எதுவும் இல்லை!

அப்படியென்றால் ஆல்பம் பண்ண முடியாது என்றார் லயன்.

ஹெர்பிக்கு உள்ளே உதறல். இருந்தாலும் எழுந்தார். கதவை நோக்கி நடந்தார். வெளியே போவதற்குள் பின்னால் இருந்து குரல் வந்தது. சரி, ட்யூன்களை நீயே வைத்துக்கொள் என்று இறங்கிவந்தார் லயன். அதன்பிறகுதான் 'ஹான்காக் மியூசிக்' என்ற நிறுவனம் நிஜமாகவே பதிவானது.

இதில் லயனை வில்லன் ஆக்கிவிட வேண்டாம். அன்றைய தொழில் வழக்கம் அதுதான். இறங்கிவந்ததும் அவரேதான்.

1962 மே 28: ஒரே நாளில் ஓர் ஆல்பம்

நியூ ஜெர்சியில் இருக்கும் எங்கிள்வுட் கிளிஃப்ஸ். அங்கே ரூடி வான் கெல்டரின் ஸ்டூடியோ. இந்த மனுஷர் பல வருஷம் கண் பரிசோதகராக வேலை பார்த்துக்கொண்டே ரெக்கார்டிங் செய்தவர். உயரமான மரக்கூரை போட்ட அந்த இடத்தில்தான் ஜாஸின் முக்கியமான ஆல்பங்கள் பல பதிவாகின.

ஹெர்பி கூட்டிவந்த குழுவைப் பாருங்கள். ட்ரம்பெட் ஃப்ரெடி ஹப்பார்ட், 24 வயசு. பேஸ் பட்ச் வாரன், 22 வயசு. டிரம்ஸ் பில்லி ஹிக்கின்ஸ், 25 வயசு. எல்லாரும் ஒரே செட்டு. இவர்களுக்கு நடுவில் ஒரே ஒரு சீனியர். டெனர் சாக்ஸபோன் கலைஞர் டெக்ஸ்டர் கார்டன், 39 வயசு. 40-களிலேயே நட்சத்திரமாக இருந்தவர். போதைப் பழக்கம், சிறை என்று 50-களை இழந்துவிட்டு, அப்போதுதான் மீண்டுவந்திருந்தார். அவரை தன் ஆல்பத்தில் வாசிக்கவைத்தான் 22 வயசுப் பையன். இந்தப் பெயரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில் திரும்ப வருவார்.

இன்று மாதிரி ஒவ்வொரு வாத்தியமாகப் பதிவுசெய்து அப்புறம் ஒட்டும் வேலை கிடையாது. ஐந்து பேரும் ஒரே அறையில், ஒரே நேரத்தில் வாசிக்க வேண்டும். ஒருவர் சொதப்பினால் எல்லாரும் முதலில் இருந்து ஆரம்பிக்க வேண்டும். ஆறு ட்யூன்கள், ஒரே நாளில் முடிந்தது.

எப்படிக் கேட்கலாம்?

ஜாஸ் கேட்டுப் பழக்கம் இல்லையா? கவலை வேண்டாம். ஜாஸ் ட்யூனின் அமைப்பு ரொம்ப எளிது. முதலில் எல்லாரும் சேர்ந்து மெலடியை வாசிப்பார்கள். அப்புறம் அதே கார்டு வரிசை சுழன்றுகொண்டே இருக்க, ஒவ்வொருவராக அதன்மேல் சொந்தக் கற்பனையை விரிப்பார்கள். கடைசியில் மறுபடி மெலடி. சுபம்.

'வாட்டர்மெலன் மேன்' கேட்கும்போது முதல் சில நொடிகள் பியானோவை மட்டும் கவனியுங்கள். அந்த உருளும் தாளம்தான் வண்டிச் சக்கரம். அடுத்து ட்ரம்பெட்டும் சாக்ஸபோனும் சேர்ந்து வாசிக்கும் இழுவைதான் மாடியில் இருந்து வரும் கூப்பாடு. இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. ப்ளூஸ் வழக்கமாக 12 பார்கள் கொண்ட ஒரு சுற்று. ஹெர்பி அதை 16 ஆக நீட்டியிருக்கிறார். முடியப்போகிறது என்று நினைக்கும் இடத்தில், அதே இரண்டு கார்டுகள் மறுபடி மறுபடி வரும். 'எப்போடா இறங்கும்' என்று காது ஏங்கும்போது பட்டென்று நின்று, சுற்று முடியும். நம்மையறியாமல் தலை ஆடுவது அந்த இடத்தில்தான்.

அடுத்து 'எம்ப்டி பாக்கெட்ஸ்' கேளுங்கள். அது வழக்கமான 12 பார் ப்ளூஸ் என்பதால் வித்தியாசம் தெளிவாகப் புரியும். அவசரம் இல்லாமல் நடந்துபோகிற மாதிரி ஒரு மூடு வேண்டும் என்றால் 'டிரிஃப்டின்'. ராத்திரி லைட்டை அணைத்துவிட்டு இயர்போனில் கேட்க 'அலோன் அண்ட் ஐ'. அந்த மெல்லிய பேலடில் டெக்ஸ்டர் கார்டனின் சாக்ஸபோன் பேசுவதைக் கேட்டால், வாழ்க்கையில் அடிபட்டு வந்த ஒரு மனுஷரின் குரல் மாதிரியே இருக்கும். 'த்ரீ பேக்ஸ் ஃபுல்', 'தி மேஸ்' இரண்டையும் கொஞ்சம் பழகிய பிறகு கேளுங்கள். பின்னால் ஹெர்பி போகப்போகிற பாதை அவற்றில் லேசாகத் தெரியும்.

ஆளில்லாத கிளப்பில் பிறந்த ஹிட்

ஆல்பம் நன்றாகவே பேசப்பட்டது. ஆனால், நிஜமான வெடி வேறு இடத்தில் வெடித்தது.

கியூபாவைச் சேர்ந்த காங்கா வாத்தியக் கலைஞர் மாங்கோ சான்டமரியா. அவர் குழுவின் பியானிஸ்ட் விலகிவிட்டதால், சில நாளைக்கு ஹெர்பி போய் வாசித்தார். பிராங்ஸில் ஒரு கிளப். கூட்டம் ரொம்பக் கம்மி. பார்க்க வந்திருந்த டொனால்ட் பேர்ட், இடைவேளையில் மாங்கோவிடம் பேச ஆரம்பித்தார். ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் இசைக்கும் கியூபா இசைக்கும் நடுவில் பாலம் போடும் ஒரு ட்யூனைத் தேடிக்கொண்டே இருக்கிறேன், கிடைக்கவில்லை என்றார் மாங்கோ.

பேர்ட் உடனே ஹெர்பியிடம், 'வாட்டர்மெலன் மேன்' வாசித்துக் காட்டச் சொன்னார். ஹெர்பி ஆரம்பித்தார். மாங்கோ காங்காவில் சேர்ந்துகொண்டார். குழுவில் ஒவ்வொருவராக மேடைக்கு வந்து சேர, இருந்த கொஞ்ச பேரும் சாப்பாட்டு மேஜையை விட்டு எழுந்து ஆட ஆரம்பித்துவிட்டார்கள். இதை ரெக்கார்டு பண்ணலாமா என்று அங்கேயே கேட்டார் மாங்கோ.

மாங்கோவின் 'வாட்டர்மெலன் மேன்' 1963-ல் அமெரிக்காவின் பில்போர்டு பட்டியலில் 10-ம் இடம் வரை போனது. ஜாஸ் ட்யூன் ஒன்று பாப் பட்டியலின் டாப் 10-ல்! அடுத்தடுத்து பல கலைஞர்கள் அதை எடுத்து வாசித்தார்கள். ஒவ்வொரு பிரதிக்கும் வந்த காசு போய்ச் சேர்ந்த இடம், கதவு வரை நடந்து காப்பாற்றிய அந்த 'ஹான்காக் மியூசிக்'.

கை நிறையப் பணம் வந்ததும் என்ன வாங்கினார் தெரியுமா? குழுவின் வாத்தியங்களை ஏற்றிப்போக வசதியாக ஒரு ஸ்டேஷன் வேகன் வாங்குவதாகத்தான் இருந்தது. பேர்ட் கிளப்பிவிட்டதில் 'ஏ.சி. கோப்ரா' என்ற ஸ்போர்ட்ஸ் காரைப் பார்க்கப் போனார். சாதாரண உடையில் வந்த கறுப்பினப் பையனை ஷோரூம் சேல்ஸ்மேன் மதிக்கவே இல்லை. ரோஷம் வந்துவிட்டது. கிட்டத்தட்ட 6,000 டாலர் கொடுத்து அதையே வாங்கினார். பிறகு பல பத்தாண்டுகள் அந்தக் காரை விற்காமல் வைத்திருந்தார்.

அதுக்கப்புறம்?

அதே 1963 மே மாதம், மைல்ஸ் டேவிஸிடம் இருந்து அழைப்பு. தன் வீட்டுக்கு வரவழைத்து இளைஞர்களை வாசிக்கவிட்டு, மைல்ஸ் மட்டும் மாடியில் இன்டர்காம் வழியாக ஒட்டுக் கேட்டாராம்! அடுத்த ஐந்து வருஷம் ஜாஸின் மிகச்சிறந்த குழுக்களில் ஒன்றாகச் சொல்லப்படும் அந்தக் குழுவின் பியானிஸ்ட் ஹெர்பிதான்.

இங்கே ஒன்றைக் கவனியுங்கள். மைல்ஸுக்கு சைட்மேனாக இருந்துகொண்டே, 'எம்பிரியன் ஐல்ஸ்', 'மெய்டன் வாயேஜ்' என்று தன் பெயரில் ஆல்பங்கள் போட்டார். விற்குமா என்ற பயம் இல்லாமல் சோதனை செய்து பார்க்கும் தெம்பு அவருக்கு இருந்தது. ராயல்ட்டி வந்துகொண்டிருந்தது அதற்குப் பெரிய பலம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

1973-ல் 'ஹெட் ஹன்டர்ஸ்' ஆல்பத்தில் அதே 'வாட்டர்மெலன் மேன்' ட்யூனை ஆளே அடையாளம் தெரியாத அளவுக்கு மாற்றி வாசித்தார். ஆரம்பத்தில் கேட்கும் விசில் மாதிரியான சத்தம், பெர்குஷன் கலைஞர் பில் சம்மர்ஸ் பீர் பாட்டிலில் ஊதியது. மத்திய ஆப்பிரிக்கக் காடுகளில் வாழும் மக்களின் இசைமுறையில் இருந்து எடுத்த யோசனை அது. அந்த ஆல்பம் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. 1964-ல் அவர் எழுதிய 'கேன்டலூப் ஐலண்ட்' ட்யூனை 'அஸ்த்ரீ' என்ற பிரிட்டிஷ் குழு 1993-ல் ஹிப் ஹாப் பாட்டாக மாற்ற, அதுவும் உலக ஹிட். கேன்டலூப் என்பதும் முலாம்பழ வகைதான். மனுஷருக்குப் பழ ராசி!

டெக்ஸ்டர் கார்டனை ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே? 1986-ல் வந்த 'ரவுண்ட் மிட்நைட்' படத்தில், நொடிந்துபோன ஜாஸ் கலைஞராக அவரே நடித்தார். சிறந்த நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரை கிடைத்தது. அந்தப் படத்துக்கு இசை ஹெர்பி ஹான்காக். அதற்குத்தான் அவருக்கு ஆஸ்கர். 1962-ல் ஒரே அறையில் நின்று வாசித்த இருவரும் 24 வருஷம் கழித்து இப்படிச் சந்தித்தார்கள்.

கடைசியா ஒரு விஷயம்

'எழுந்து நட, எல்லாம் கிடைக்கும்' என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. எழுந்து நடந்த எத்தனையோ பேரை யாரும் திரும்பக் கூப்பிடவில்லை. லயன் அன்று வாயைத் திறக்காமல் இருந்திருந்தால், ஹெர்பியின் முதல் ஆல்பம் எப்போது வந்திருக்கும் என்று யாருக்கும் தெரியாது. அந்த ரிஸ்க் நிஜம்.

ஆனால், அவர் குருட்டுத் தைரியத்தில் நடக்கவில்லை. தன்னிடம் இருப்பதில் எது கொடுக்கலாம், எது கொடுக்கக் கூடாது என்று தெரிந்துகொண்டு நடந்தார். அந்த நாள் வாசிப்பைக் கொடுத்தார். பதிவான ஒலியைக் கொடுத்தார். ட்யூனை மட்டும் கொடுக்கவில்லை. அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்க அவருக்கு ஒரு டொனால்ட் பேர்ட் இருந்தார்.

இன்று நீங்கள் பாடுபவராக இருக்கலாம், வீடியோ எடுப்பவராக, எழுதுபவராக, டிசைன் செய்பவராக இருக்கலாம். ஃபோன் திரையில் பத்துப் பக்க அக்ரிமென்ட் வரும். கீழே 'சம்மதம்' என்று ஒரு பட்டன் இருக்கும். அழுத்துவதற்கு முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். இதில் நான் எதைக் கொடுக்கிறேன்? எவ்வளவு காலத்துக்கு? நாளைக்கு வேறு யாரோ இதை வைத்துச் சம்பாதித்தால் எனக்கு என்ன வரும்? பதில் புரியவில்லை என்றால், தெரிந்த ஒரு சீனியரிடம் கேட்டுவிட்டு அழுத்துங்கள். நீங்களே சீனியராக இருந்தால், கேட்கும் தம்பி தங்கைகளுக்கு நேரம் ஒதுக்கிச் சொல்லிக்கொடுங்கள்.

இப்போதைக்கு, இயர்போனை மாட்டிக்கொண்டு 'வாட்டர்மெலன் மேன்' போட்டுவிடுங்கள். 1962 பதிவுதான் முதலில். சக்கரம் உருளும் சத்தம் கேட்கிறதா?